சரியான அளவு

1986 ஜூன் 14, சனிக்கிழமை, காலை மணி பத்து நாற்பது. டிக்கெட் மூன்று, ஆள் இரண்டு. நீ அனுப்பிய கவரைப் பிரித்து மேசைமேல் பரப்பி மூன்று தடவை எண்ணிவிட்டேன். மதுரையிலிருந்து மெட்ராசுக்கு, ஜூலை மூன்றாம் தேதி, என் பெயரில் ஒன்று, உன் அம்மா பெயரில் இரண்டு. எண்ணிக்கையில் தப்பில்லை. தப்பு வேறு இடத்தில் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இன்றைக்கு வேலைக்குப் போகாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

அன்புள்ள மகனுக்கு என்று தொடங்குவதுதான் முறை. கோபம் தணிந்தபின் எழுதிக்கொள்ளலாம் என்று மேலே ஒரு வரி இடம் விட்டிருக்கிறேன். பட்டறையில் பஸ்ஸுக்கு சீட் பிளான் போடுகிற கட்டத்தாள் இது, கையில் கிடைத்தது இதுதான். கவரை ஒட்டாமல் அனுப்பப் போகிறேன். உன் ஆபீசில் யார் எடுத்து வாசித்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. உன்னைப் போலக் கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு விமானக் கம்பெனிக் கவுண்டரில் நிற்கிற பிள்ளைகள் எல்லாரும் வாசிக்கட்டும். எனக்கு நாற்பத்திரண்டு வயது. பத்தொன்பதில் கல்யாணம், இருபதில் நீ. நாம் இரண்டு பேரும் தேனி பஜாரில் நடந்தால் அண்ணன் தம்பியா என்று கேட்கிறார்கள். ஆகவே கிழவன் ஏதோ உபதேசம் செய்கிறான் என்று இதை ஒதுக்கி வைக்காதே. பொறுமை வந்தபிறகு எழுதுகிற வயது எனக்கு இன்னும் வரவில்லை.

உன் கடிதம் நேற்று மத்தியானம் வந்தது. நம் வீட்டில் கடிதம் எப்படி வாசிக்கப்படும் என்று உனக்குத் தெரியும். நான் உரக்க வாசிப்பேன், உன் அம்மா மடியில் முறத்தை வைத்துக்கொண்டு கேட்பாள். முன்னாலேயே ஒரு தடவை கண்ணை ஓட்டிப் பார்த்துவிட்டு வாசிக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. வண்டியில் பிரேக் இருக்கிறதா என்று பார்க்காமலே இறக்கத்தில் விடுகிற மாதிரி வாசிப்பேன். அப்படித்தான் வாசித்தேன். கல்யாண மண்டபம், பெண் வீட்டார் தங்கும் இடம், சமையல்காரர் என்று நன்றாகத்தான் போனது. பிறகு நீ எழுதியிருந்ததை அப்படியே இங்கே எடுத்து எழுதுகிறேன், நீயும் ஒரு தடவை கேட்டுக்கொள். "அம்மாவுக்கு ரெண்டு சீட்டாகப் போட்டிருக்கிறேன். உடம்பு பெரிய ஆட்களிடம் எங்கள் கவுண்டரில் அப்படித்தான் சொல்கிறோம். போன வாரம்கூட ஒரு மளிகை வியாபாரியை ரெண்டு டிக்கெட் எடுக்க வைத்தேன், ஒன்றும் சொல்லாமல் எடுத்தார். பக்கத்துப் பயணிக்கு இடைஞ்சல் இருக்காது, எடைக் கணக்கும் இருக்கிறது. செலவு என்னுடையது. நம்மால் ஒரு பிரச்சினை வரக்கூடாது. நீங்களே அன்றைக்கு வருசநாட்டு பஸ்ஸில் சொன்னீர்களே அப்பா, சீட் சரியான அளவுதான் என்று."

கடைசி வாக்கியம் வாயிலிருந்து போனபிறகுதான் நான் என்ன வாசித்தேன் என்று எனக்கே தெரிந்தது. உன் அம்மா துவரையில் கல் பொறுக்குவதை நிறுத்தவில்லை. தலையும் தூக்கவில்லை.

"நான் வரலைங்க. நீங்க போயி நல்லபடியா நடத்திட்டு வாங்க" என்றாள்.

"என்ன பேச்சு பேசுற? பெத்தவ இல்லாம கல்யாணமா?"

"பெத்தவளுக்கு ரெண்டு சீட்டு வேணும்னு பெத்த பிள்ளையே எழுதிட்டான். பந்தியிலயும் ரெண்டு எலை போடுவாகளா? அதையும் கேட்டு எழுதுங்க."

"வெளையாடாத."

"யாரு வெளையாடுறா?" முறத்தைத் தட்டிவிட்டு எழுந்தாள். அடுப்படி வாசலில் நின்று சொன்னாள்: "பஞ்சு மூடை ஏத்துற ஏரோப்ளேன் எதுவும் ஓடுதான்னு கேளுங்க. அதுன்னா வாரேன்."

அவ்வளவுதான். கல்யாணத்துக்கு அவள் வருவதும் வராததும்தான் இப்போது கேள்வி. நீ மூன்று டிக்கெட் அனுப்பி அதை இரண்டு ஆளிலிருந்து ஒரு ஆளாக்கிவிட்டாய்.

பஞ்சு மூடை என்று அவள் ஏன் சொன்னாள் என்று உனக்குப் பாதிதான் தெரியும். மீதிப் பாதி யாருக்குமே தெரியாது, எனக்கு மட்டும் தெரியும். பதின்மூன்று வருஷமாகத் தெரியும்.

எழுபத்து மூன்றில் ஒரு பஸ் முதலாளி எங்கள் பட்டறைக்குப் பாடி கட்ட ஒரு சேசிஸ் கொண்டுவந்தார். தேனியிலிருந்து கண்டமனூர், கடமலைக்குண்டு வழியாக வருசநாட்டுக்கு விடுகிற வண்டி. அகலம் குறைந்த சேசிஸ். இரண்டு பக்கமும் இரண்டிரண்டு பேர் உட்காருகிற மாதிரி பாடி கட்டினால் அழகாக இருக்கும் என்று சொன்னேன். அவருக்கு ஒரு பக்கம் மூன்று, ஒரு பக்கம் இரண்டு வேண்டும். அப்படி வைத்தால் நடுவில் நடக்கிற பாதை குறுகிவிடும், பாதை குறுகினால் இன்ஸ்பெக்ஷனில் பாஸ் ஆகாது. "ஐ.டி.ஐ. படிச்ச ஆளுன்னாக. இம்புட்டுக்கு ஒரு வழி தெரியாதா?" என்று கேட்டார். எனக்கு வயது இருபத்தொன்பது. பட்டறையில் டிராயிங் போடத் தெரிந்த ஒரே ஆள் நான். வழி தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. மூன்று பேர் சீட்டில் இரண்டு இஞ்ச் எடுத்துப் பாதையில் சேர்த்தேன். காகிதத்தில் ஆளுக்குப் பதினைந்து இஞ்ச், மூன்று பேருக்கு நாற்பத்தைந்து. உண்மையில் ஆள் உட்காருகிற இடம் நாற்பத்து மூன்று. இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு இஞ்ச் இரும்புக் குழாய். அளக்க வந்த அதிகாரி டேப்பின் ஒரு முனையைப் பிடித்தார், மறுமுனையை நான் பிடித்தேன். அவர் முனையும் என் சொல்படி குழாயின் வெளிவிளிம்பில்தான் இருந்தது. வெளிவிளிம்பிலிருந்து வெளிவிளிம்பு, நாற்பத்தைந்து. கையெழுத்துப் போட்டார். குழாய்மேல் யார் உட்காருவார்கள் என்று அவர் கேட்கவில்லை. நான் சொல்லவில்லை. அன்றைக்கு முதலாளி எனக்குக் கோழி பிரியாணி வாங்கிக் கொடுத்தார், நானும் ருசித்துச் சாப்பிட்டேன்.

வண்டி ஓட ஆரம்பித்து இரண்டாவது மாதம் உன் அம்மாவின் ஊருக்குப் போனோம். அவள் தங்கைக்குச் சடங்கு. பஸ்ஸில் நல்ல கூட்டம். உனக்கு அரை டிக்கெட், ஆகவே சீட் கிடையாது, டிரைவர் பக்கத்தில் என்ஜின் மூடிமேல் உன்னை உட்கார வைத்தார்கள். உனக்கு அதில் பெருமை. நான் நின்றுகொண்டு வந்தேன். உன் அம்மாவுக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது. நடுவில் ஒரு டீச்சர். பாதையோரத்தில் வெற்றிலைக் கூடையோடு ஒரு பெரியவர். அவருக்குப் பாதி உடம்புக்குத்தான் இடம், மீதி பாதையில் தொங்கியது. போகிறவர் வருகிறவர் எல்லாம் அவர் முழங்காலில் இடித்தார்கள். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தவர், கண்டக்டர் வந்ததும் வெடித்துவிட்டார்.

"ஏப்பா, நான் முழு டிக்கெட்டு எடுத்திருக்கேன். ஒத்தக் கால்ல வாறேன். என்னான்னு கேக்க மாட்டியா?"

கண்டக்டர் சீட்டை ஒரு பார்வை பார்த்தான். "யக்கா, நீ ரெண்டு டிக்கெட்டா எடுத்துக்க. ஒன்னேகால் சீட்டுல உக்காந்திருக்க."

உன் அம்மா சும்மா இருப்பாளா? "ஒன்னேகாலுக்கு ரெண்டு டிக்கெட்டா? மிச்சம் முக்கா சீட்ட எங்கன வச்சிருக்க? எறங்கும்போது கட்டிக் குடுப்பியா?"

பஸ் முழுக்கச் சிரித்தது. அவள் பக்கம் சிரித்தது. அந்த நிமிஷம் வரைக்கும் அவள்தான் ஜெயித்துக்கொண்டிருந்தாள். கண்டக்டருக்கு முகம் சிறுத்துவிட்டது.

"ஆத்தாடி, இந்த வாய்க்குத் தனியா ஒரு டிக்கெட்டு போடணும் போலயே" என்றான். இப்போது சிரிப்பு அவன் பக்கம் திரும்பியது. அவன் அதோடு விட்டிருந்தால் போயிருக்கும். என்னைப் பார்த்துவிட்டான். "இந்தா நிக்கிறாகளே உங்க வீட்டுக்காரரு, அவுகளையே கேளு. இந்த வண்டிக்கு சீட்டு போட்டதே அவுகதான். அண்ணே, நீங்களே சொல்லுங்க. சீட்டு சரியான அளவா, இல்லையா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். உன் அம்மாவும் பார்த்தாள். அவள் முகத்தில் பயமே இல்லை, அதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். சிரிப்புதான் இருந்தது. என் புருஷன் இப்போது இவனுக்கு ஒன்று கொடுப்பான், பார் என்கிற முகம். இல்லை என்று நான் சொன்னால் இரண்டு இஞ்ச் வெளியே வரும், வண்டிக்குக் கொடுத்த சான்று போகும், என் வேலை போகும். இதெல்லாம் நான் பிற்பாடு யோசித்துச் சேர்த்த காரணங்கள். அந்த நேரத்தில் வந்தது ஒரே ஒரு நினைப்புதான். அத்தனை பேர் முன்னால் படித்தவன் என்று நிற்கிறேன், என் வேலையில் பிசகு என்று என் வாயாலேயே எப்படிச் சொல்வது.

"சரியான அளவுதான்" என்று சொன்னேன்.

இரண்டாவது டிக்கெட்டுக்கு நானே சில்லறை எடுத்துக் கொடுத்தேன். கண்டக்டர் கிழித்துக் கொடுத்தான். அதற்குப் பிறகு என்ன நடந்தது தெரியுமா? ஒன்றும் நடக்கவில்லை. அதே மூன்று பேர், அதே நாற்பத்து மூன்று இஞ்ச். பெரியவர் கடமலைக்குண்டு வரைக்கும் பாதையில் தொங்கிக்கொண்டேதான் வந்தார். அந்த டிக்கெட்டினால் யாருக்கும் அரை இஞ்ச்கூட கூடவில்லை. வாயடித்த பொம்பளைக்குப் போட்ட அபராதம், அவ்வளவுதான். நீ என்ஜின் மூடிமேலிருந்து திரும்பிப் பார்த்தாய். பிறகு முன் கண்ணாடிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாய், யாரோ எவரோ என்கிற மாதிரி. நான் பார்த்தேன். ஒன்பது வயதுப் பிள்ளையை அதற்காகக் குற்றம் சொல்ல மாட்டேன். இருபத்திரண்டு வயது ஆளைச் சொல்வேன்.

திரும்பும்போது அவள் அந்த பஸ்ஸில் ஏறவில்லை. வருசநாட்டிலிருந்து இலவம்பஞ்சு ஏற்றிக்கொண்டு ஒரு லாரி கிளம்பிற்று. மூடைகளுக்கு மேலே ஏறி உட்கார்ந்துகொண்டாள். கீழே இறங்கு என்று கெஞ்சினேன். "மூடைக்கு மேல உக்காந்தா யாரும் அகலம் பாக்க மாட்டாக. நீங்களும் பிள்ளையும் பஸ்ஸுல வாங்க" என்றாள். அன்றையிலிருந்து பதின்மூன்று வருஷம் அவள் பஸ் ஏறியது கிடையாது. தாய்வீட்டுக்குப் பஞ்சு லாரி. லாரி இல்லாவிட்டால் பயணம் இல்லை. அதே தங்கையைப் பெரியகுளம் பக்கம் கெங்குவார்பட்டியில் கட்டிக் கொடுத்தார்கள் அல்லவா, அந்தக் கல்யாணத்துக்கு அவள் ஏன் போகவில்லை என்று நினைக்கிறாய்? முழங்கால் வலி என்றாள். நீயும் நம்பினாய். அன்று காலை நாலு மணிக்கே எழுந்து தலைக்குக் குளித்து, பட்டுச்சேலை கட்டி, பெரியகுளம் ரோட்டில் பதினோரு மணிவரை நின்றுவிட்டு வந்தாள் முழங்கால் வலிக்காரி. அந்தப் பக்கம் போகிற பஞ்சு லாரி எதுவும் அன்றைக்கு வரவில்லை.

கோளாறு எங்கே என்று எனக்குத் தெரியும். நான் அளவு குறைத்தது ஒரு கோளாறு, அது இரும்பில் செய்தது, அறுத்துத் திரும்ப ஒட்டலாம். 'சரியான அளவுதான்' என்று சொன்னது வேறு ரகம். சீட் சரி என்றால் ஆள் தப்பு என்று ஆகிறது. மனைவி உடம்பு பிசகாக வார்த்த உடம்பு என்று நாற்பது பேர் முன்னால் நிபுணர் சான்று கொடுத்துவிட்டு வந்தேன். அவள் என்னை நம்பினாள். அளவு விஷயத்தில் அவள் புருஷன் பொய் சொல்ல மாட்டான் என்று இன்றைக்கும் நம்புகிறாள். நீயும் நம்பியிருக்கிறாய் என்பது நேற்றுத்தான் தெரிந்தது. நான் விதைத்த அந்த ஒரு சொல்லை நீ மெட்ராஸ் வரைக்கும் கொண்டுபோய்க் கவுண்டரில் வைத்து விற்கிறாய்.

குற்ற உணர்வில் அந்த பஸ் பயணத்துக்கு அடுத்த வருஷம் அவளுக்கு ஒரு நாற்காலி செய்து கொடுத்தேன், அடுப்படியில் இருக்கிறதே, அதுதான். உள்ளளவு இருபது இஞ்ச், உள்விளிம்பிலிருந்து உள்விளிம்பு. உட்கார்ந்து பார்த்துவிட்டு என்ன சொன்னாள் தெரியுமா? "நல்லா இருக்குங்க. இதுக்கு எத்தன டிக்கெட்டு?" சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அன்றைக்கே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். பட்டறைக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டேன்.

இனி உன் வாதங்களுக்கு வருகிறேன். பக்கத்துப் பயணிக்கு இடைஞ்சல் என்கிறாய். உண்மை. அதை நான் மறுக்க மாட்டேன். வெற்றிலைக்காரர் முழுப் பணம் கொடுத்துவிட்டு ஒற்றைக் காலில் வந்தார், அவர் கோபம் நியாயமான கோபம். ஆனால் அவர் முறைத்தது உன் அம்மாவை. முறைத்திருக்க வேண்டியது என்னை. டேப்பைப் பிடித்து அவருடைய இடத்தை எடுத்தவன் அவர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தான். உங்கள் விமானத்திலும் ஒருவன் காகிதத்தில் கோடு போட்டிருப்பான், ஒரு வரிசை கூடுதலாக நுழைக்க. அவன் கவுண்டருக்கு வருவதில்லை. பெரிய ஆளும் சின்ன ஆளும் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொள்ள, நடுவில் நீ நின்று டிக்கெட் கிழிக்கிறாய். சீட்டை எல்லாருக்கும் அகலமாக்கு என்று நான் கேட்கவில்லை. வரிசைக்கு ஒன்று, இல்லை வண்டிக்கு நாலு, அகலமாக வைத்தால் என்ன குறைந்துவிடும்? காலி சீட் இருக்கிற நாளில் பக்கத்தில் ஆள் போடாமல் விட்டால் என்ன குறைந்துவிடும்? அதற்குக் கூடவா ஒரு மனிதரை நிறுத்தி, மேலும் கீழும் பார்த்து, எல்லார் காதிலும் விழுகிற மாதிரி இன்னொரு டிக்கெட் என்று சொல்ல வேண்டும்?

எடை என்கிறாய். எனக்கே லோடு கணக்குச் சொல்லித் தருகிறாயா? நல்லது, எடைக்குத்தான் பணம் என்றால் வாசலில் தராசு வை. எல்லாரையும் ஏற்றி நிறுத்து. உன் மேலதிகாரி, மந்திரி, மாப்பிள்ளை, எல்லாரும் ஏறட்டும். கிலோவுக்கு இவ்வளவு என்று போர்டு எழுதி மாட்டு. முதல் ஆளாக நான் கைதட்டுவேன், ஏனென்றால் என் உடம்புக்கு எனக்குப் பாதிப் பணம் திரும்ப வரவேண்டும். கனத்த ஆளிடம் கூட வாங்குவாய், மெலிந்த ஆளுக்குத் திருப்பித் தரமாட்டாய் என்றால் அது எடைக் கணக்கு இல்லை. வேறு ஏதோ கணக்கு. அதற்கு எடை என்று பெயர் வைக்காதே.

மளிகை வியாபாரி ஒன்றும் சொல்லாமல் எடுத்தார் என்று பெருமையாக எழுதியிருக்கிறாய். ஒன்றும் சொல்லாத ஆட்களைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும். அவர் ஊருக்குத் திரும்ப எதில் வந்தார் என்று விசாரித்துப் பார்.

அம்மாவின் வசதிக்காகத்தானே செய்தேன் என்று நீ பதில் எழுதுவாய். உனக்கு அவள்மேல் பிரியம் இல்லை என்று நான் சொல்லவில்லை, உன் முதல் சம்பளத்தில் அவளுக்குத்தான் சேலை வந்தது. ஆனால் வசதிக்கு என்றால் வசதி என்று எழுதியிருப்பாய். 'பிரச்சினை வரக்கூடாது' என்று எழுதினாய். உன் கூட வேலை செய்கிற பிள்ளைகள் உன் அம்மாவைப் பார்ப்பார்கள் என்கிற பயம். அவர்கள் வாய் திறக்கும் முன்னால் நீயே அளந்து, நீயே அபராதம் கட்டி முடித்துவிட்டாய். அன்றைக்கு பஸ்ஸில் சில்லறை எடுத்துக் கொடுத்தானே ஒருத்தன், அதே கை. உனக்கு என் கை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

உனக்குக் கல்யாணம் ஆகப்போகிறது. புத்திமதி என்று நிறையப் பேர் நிறையச் சொல்வார்கள். என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது, அதுவும் தோற்றவன் சொல்கிறது. ஊரார் உன் மனைவியைக் காட்டி உன்னிடம் சாட்சி கேட்பார்கள். அவள் சமையலைக் கேட்பார்கள், நிறத்தைக் கேட்பார்கள், பேச்சைக் கேட்பார்கள். நீ படித்தவன், நீயே சொல் என்பார்கள். உன் தொழிலை வைத்துக் கேட்டால் உனக்கு உடனே நியாயஸ்தன் ஆகிவிடத் தோன்றும். ஆகாதே. அவள் உன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பதில் சொல்ல ஒரு விநாடிதான் இருக்கும், அதைத் திருத்த எனக்குப் பதின்மூன்று வருஷம் போதவில்லை.

இப்போது கணக்கு. உணர்ச்சியை எல்லாம் தள்ளிவை, நீயும் பத்தாவதில் கணக்கில் நல்ல மார்க் வாங்கியவன்தான். வேலையில் சேர்ந்த புதிதில் நீ எழுதிய கடிதம் என்னிடம் இருக்கிறது. விமானத்தின் உள்ளே போய்ப் பார்த்தேன் என்று, சீட் பதினேழு இஞ்ச், இரண்டு சீட்டுக்கு நடுவில் கை வைக்கிற கட்டை இரண்டு இஞ்ச், அதைத் தூக்கிப் பின்னால் மடக்கிவிடலாம் என்று, அப்பாவுக்குப் பிடிக்கும் என்று படம் வேறு போட்டு அனுப்பியிருந்தாய். எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. பதினேழும் இரண்டும் பதினேழும் முப்பத்தாறு. இன்று காலை மர நாற்காலியில் உட்கார்ந்து சுவரில் பென்சிலால் கோடு போட்டு என்னை அளந்தேன். பதின்மூன்றரை. பதினாலு என்றே வைத்துக்கொள். உன் அம்மா நான் செய்த இருபது இஞ்ச் நாற்காலியில் இரண்டு பக்கமும் விரல் நுழைகிற மாதிரி உட்காருகிறாள். பத்தொன்பது. பத்தொன்பதும் பதினாலும் முப்பத்து மூன்று. கட்டையைத் தூக்கிவிட்டால் நானும் அவளும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தபிறகும் மூன்று இஞ்ச் மிச்சம். உன் கல்யாணப் பத்திரிகைகளை அங்கே செருகி வைக்கலாம்.

இரண்டு ஆள், இரண்டு சீட், இரண்டு டிக்கெட். ஒரு சின்னக் கூட்டல். விமானக் கம்பெனியில் வேலை பார்க்கிற உனக்கு இது ஏன் தோன்றவில்லை? அம்மாவைத் தனியே எடுத்து வைத்து அளந்தாய். அவள் பக்கத்தில் உட்காரப் போகிறவன் யார் என்று யோசிக்கவில்லை. யாரோ முன்பின் தெரியாத ஒரு பயணி, அவருக்கு இடைஞ்சல் என்றே உன் புத்தி போயிற்று. பக்கத்து சீட்டில் நான் இருக்கிறேனடா. உன் அப்பன். இருபத்து மூன்று வருஷமாக இடைஞ்சல் என்று நான் எங்கேயும் புகார் கொடுத்ததில்லை.

இதையும் சொல்லிவிடுகிறேன். கூட்டல் சரியாக வராமல் போயிருந்தாலும், அவள் இருபத்தைந்து இஞ்ச் இருந்திருந்தாலும், என் பதில் இதேதான். கூட்டல் சரியாக வந்தது என் அதிர்ஷ்டம், அவள் செய்த புண்ணியம் ஒன்றும் இல்லை. தனியாகப் பயணம் வருகிற பத்தொன்பது இஞ்ச் ஆளுக்குப் பக்கத்தில் பதின்மூன்றரை இஞ்ச் புருஷன் இருக்க மாட்டான். அப்போது கணக்கைச் சரிக்கட்ட வேண்டியது சீட் போட்டவன். உட்காருகிறவர் இல்லை.

மணி ஒன்றே கால். அடுப்படியில் தாளிக்கிற சத்தம் கேட்கிறது. இனி நான் செய்யப் போவது:

1. இந்தக் கடிதத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை அவளுக்கு உரக்க வாசித்துக் காட்டுவேன். குழாய் வருகிற இடத்தில் வேகமாக வாசிக்க மாட்டேன்.

2. அவள் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்வேன். பட்டறைக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்ப மாட்டேன். இன்று லீவு.

3. அந்த வருசநாட்டு வண்டி வேறு முதலாளி கையில் இன்னும் ஓடுகிறது. திங்கட்கிழமை பஸ் ஸ்டாண்டுக்குப் போய், அவள் சம்மதித்தால் அவளையும் அழைத்துக்கொண்டு, ஏறி அளப்பேன். நாற்பத்து மூன்று. கண்டக்டர் யாராக இருந்தாலும் அவன் காதில் விழுகிற மாதிரி சொல்வேன்: சீட் தப்பு.

4. பட்டறையில் இனி என் கை டேப்பைக் குழாயின் உள்விளிம்பில்தான் பிடிக்கும். பட்டறை முதலாளிக்குப் பிடிக்காவிட்டால் வேறு ஆள் பார்த்துக்கொள்ளட்டும். கல்யாணச் செலவு நேரத்தில் இது தேவையா என்று நீ கேட்காதே.

5. மூன்றாவது டிக்கெட்டை இத்துடன் வைத்துத் திருப்பி அனுப்புகிறேன். ரத்துசெய்து வருகிற பணத்தை அந்த மளிகை வியாபாரியின் விலாசம் தேடி அவருக்கு அனுப்பு. கூட ஒரு வரி எழுது. என்ன எழுதுவது என்று தெரியாவிட்டால் என்னைக் கேட்காதே, உன் அம்மாவைக் கேள்.

6. மேலே விட்டிருக்கிற ஒரு வரி இன்னும் காலியாக இருக்கிறது. உன் பதில் வந்தபிறகு நிரப்புகிறேன்.

7. ஜூலை மூன்றாம் தேதி அவள் மனம் வைத்தால் விமானத்தில் வருவோம், ஜன்னலோரம் அவளுக்கு. பஸ் என்றால் பஸ். இன்னமும் பஞ்சு லாரிதான் என்று அவள் சொன்னால், மெட்ராஸ் போகிற பஞ்சு லாரி ஒன்றைப் பிடித்து, நானும் மூடைமேல் அவள் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, உன் மண்டப வாசலில் அத்தனை பேர் பார்க்க இறங்குவேன். எதில் வந்தாலும் அவளுக்கு ஒரு டிக்கெட்.